கோயா வரைந்த அச்சுக்காரர்: ஒரு கல்லச்சு உருவப்படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லச்சு பற்றிப் பேசப் போகும் இடங்களில் நான் முதலில் காட்டும் படம் இதுதான்: சிப்ரியன் கோலோன் என்பவரை 1825 வாக்கில் பிரான்சின் போர்தோ நகரில் ஸ்பானிய ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா வரைந்த உருவப்படம். கோயாவை நன்றாகத் தெரிந்தவர்களிலேயே பலர் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். படம் திரையில் விழுந்ததும் கேள்விகள் வரும். ஊர் மாறினாலும் கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. அதனால் அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டு, பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது பென்சில் டிராயிங் மாதிரி இருக்கே, பிரின்ட் என்கிறீர்களே?

பிரின்ட்தான். கல்லச்சு, அச்சுத் தொழிலில் இருந்த பழைய ஆட்கள் லித்தோ என்பார்கள். பென்சிலில் வரைந்த மாதிரி தெரிவதுதான் இந்த முறையின் சிறப்பு. ஓவியர் கிரேயானை எடுத்து நேரடியாகக் கல்லின்மேல் வரைகிறார். அவர் கை அழுத்திய இடம் அழுத்தமாகவும் தடவிய இடம் மெலிதாகவும் தாளுக்கு வந்து சேர்கிறது.

அதற்கு முந்தைய காலத்தில் ஓர் உருவப்படம் அச்சில் வரவேண்டுமானால், பெரும்பாலும் ஓவியர் வரைந்ததைப் பார்த்து வேறொருவர் செப்புத் தகட்டில் கோடுகோடாக வெட்டியாக வேண்டும். பொறுமையான, நாள்பட்ட வேலை. கடைசியில் தாளில் இருப்பது ஓவியரின் கோடு கிடையாது. அதைத் தகட்டுக்காரர் புரிந்துகொண்ட விதம். கல்லச்சு வந்ததும் நடுவில் நின்ற அந்த ஆளுக்கு வேலை இல்லாமல் போனது.

படத்தில் இருப்பவர் யார்? பெரிய பிரபுவா?

இல்லை, அச்சுக்கூடக்காரர். 1777இல் பிறந்து 1858இல் இறந்தவர். போர்தோவில் கல்லச்சுக்கூடம் நடத்தினார். கோயா அங்கே செய்த கல்லச்சுப் படங்களை அச்சடித்துக் கொடுத்தவர் இவர்தான். அரசர்களையும் அமைச்சர்களையும் வரைந்து பேர் வாங்கிய ஓவியர், தன் படத்தை அச்சடிக்கிறவரையே, அதுவும் அவருடைய தொழில் முறையிலேயே வரைந்திருக்கிறார். இந்தப் படம் எனக்குப் பிடித்ததற்கு முதல் காரணம் இதுதான்.

கல்லச்சு என்றால் கல்லில் செதுக்கி, மை தடவி, ஒற்றி எடுப்பதுதானே?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்த முறையில் செதுக்குவதே கிடையாது. கல்லின் முகம் கடைசிவரை சமதளமாகத்தான் இருக்கும். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கொழுப்பும் தண்ணீரும் ஒன்றோடொன்று சேராது என்பதை வைத்துத்தான் மொத்த வேலையும் நடக்கிறது. எண்ணெய் தேய்த்த தலையில் தண்ணீர் ஒட்டாமல் வழிந்தோடுகிறதே, அதேதான்.

முதலில் கல்லை மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்து, மேற்பரப்பில் நுண்ணிய சொரசொரப்பை உண்டாக்குவார்கள். அதன்மேல் மெழுகு, சோப்பு, கொழுப்பு, புகைக்கரி எல்லாம் சேர்த்துச் செய்த கிரேயானால் ஓவியர் வரைவார். வரைந்து முடித்ததும் அச்சுக்காரர் அரபிக் கோந்தில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் கலந்து பூசுவார். இதனால் கிரேயான் பட்ட இடத்தில் கொழுப்பு கல்லோடு பிணைந்துவிடும். படாத இடம் கோந்தை ஏற்று, தண்ணீரைப் பிடித்துவைக்கும் பரப்பாகிவிடும். பிறகு டர்பன்டைன் ஊற்றிப் படத்தையே துடைத்துவிடுவார்கள். பார்க்கிறவருக்குப் பகீரென்று இருக்கும், படம் போயே போய்விட்டது என்று தோன்றும். ஆனால் கல்லை நனைத்து, கொழுப்பு மை தடவிய உருளையை உருட்டினால், ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும், கொழுப்பு இருக்கும் இடம் மட்டும் மையை வாங்கிக்கொள்ளும். படம் திரும்ப வந்துவிடும். அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் ஒரு பிரதி. ஒவ்வொரு பிரதிக்கும் மறுபடி நனைக்க வேண்டும், மறுபடி மை உருட்ட வேண்டும்.

எந்தக் கல்லிலும் வருமா? நம்ம ஊர் கருங்கல்லில் செய்யக்கூடாதா?

வராது. கொழுப்பும் வேண்டும், தண்ணீரும் வேண்டும் என்று இரண்டையும் ஏற்கிற கல் தேவை. சுண்ணாம்புக் கல்லுக்கு அந்தக் குணம் உண்டு. கொழுப்பிலுள்ள அமிலம் அதோடு வினைபுரிந்து உட்கார்ந்துகொள்ளும். கோந்துத் தண்ணீரையும் அது ஏற்கும். கருங்கல் இப்படி நடந்துகொள்ளாது.

சுண்ணாம்புக் கல்லிலும் மிக நெருக்கமான, ஒரே சீரான கல்தான் உதவும். ஜெர்மனியில் பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் பகுதியில் கிடைப்பதுதான் பேர்பெற்ற கல். பலகை பலகையாகப் பிளந்து வரும். அந்த மண் எவ்வளவு நைசாகப் படிந்திருக்கிறது என்றால், ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற ஆதிப் பறவையின் இறகுத் தடம்கூட அழியாமல் அந்தக் கற்களுக்குள்தான் கிடைத்தது. இறகின் கோடுகளைக் கோடிக்கணக்கான ஆண்டுகள் காத்த கல், கிரேயானின் கோட்டைக் காப்பாற்றுவதில் வியப்பில்லை.

இதைக் கண்டுபிடித்தது கோயாவா?

இல்லை, அலோய்ஸ் செனஃபெல்டர். மியூனிக்கில் நாடகம் எழுதிக்கொண்டிருந்தவர். தன் நாடகங்களைத் தானே மலிவாக அச்சடித்துக்கொள்ள வழி தேடினார். 1796இல் சலவைக்குப் போடும் துணிக் கணக்கை அவசரத்துக்குக் கல்லின்மேல் எழுதிவைத்ததில் இருந்து எல்லாம் தொடங்கியது என்று அவரே சொல்லியிருக்கிறார். கொழுப்பும் தண்ணீரும் என்ற முழு முறை 1798இல் கைகூடியது. முதலில் இசைக் குறிப்புத் தாள் அச்சடிக்கத்தான் அது அதிகம் பயன்பட்டது. ஓவியர்கள் பக்கம் வரக் கொஞ்ச காலம் ஆனது. பாரிசில் 1816இல் எங்கெல்மனும் லாஸ்தெரியும் அச்சுக்கூடங்கள் திறந்த பிறகுதான் பிரெஞ்சு ஓவியர்களிடம் அது வேகமாகப் பரவியது.

கோயா ஸ்பெயின்காரர். இந்தப் படம் ஏன் பிரான்சில்?

அரசியல்தான் காரணம். 1823இல் ஏழாம் ஃபெர்டினாண்ட் ஸ்பெயினில் மறுபடி முழு அதிகாரத்தோடு அரியணை ஏறினார். தாராளவாதிகள் என்று பேர் எடுத்தவர்களுக்குக் கெட்ட காலம். 1824இல் கோயா, உடம்பு சரியில்லை, பிரான்சின் பிளோம்பியேர் ஊற்றுகளில் நீராடப் போகவேண்டும் என்று அரசரிடம் விடுப்பு வாங்கிக்கொண்டு எல்லை தாண்டினார். பாரிசில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போர்தோவில் குடியேறினார். கவிஞர் மொராத்தின் உட்பட ஸ்பெயினை விட்டு வந்த நண்பர்கள் பலர் அங்கே இருந்தார்கள். 1828 ஏப்ரல் 16ஆம் தேதி 82 வயதில் அங்கேயே இறந்தார்.

செப்புத் தகட்டில் அவ்வளவு பெரிய ஆள். கடைசிக் காலத்தில் ஏன் கல்லுக்கு மாறினார்?

நியாயமான கேள்வி. 1799இல் வந்த ‘கப்ரிச்சோஸ்’ தொகுப்பு 80 தகடுகள், 1816இல் வந்த காளைப்போர்த் தொகுப்பு 33 தகடுகள் என்று அமிலமும் ஊசியும் வைத்து அவர் செய்யாத வித்தை இல்லை. கல்லையும் போர்தோவுக்கு வந்தபிறகு திடீரென்று தொடவில்லை. 1819 பிப்ரவரியிலேயே மாட்ரிட்டில் ஹோசே மரியா கார்தானோவின் கல்லச்சுக்கூடத்தில், நூல் நூற்கும் கிழவி ஒருத்தியைச் செய்து பார்த்தார். அப்போது அவருக்கு 72 வயது. அங்கே செய்தவை சிலதான். பெரும்பாலும் முயற்சிகள் என்றே சொல்லவேண்டும்.

போர்தோவில் ஏன் முழுமூச்சாக இறங்கினார் என்பதற்கு என் கணிப்பு இது. செப்புத் தகட்டு வேலைக்குக் கூர்மையான கண் வேண்டும். தகட்டைச் சூடாக்கி, பூச்சுப் பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போட்டு, எடுத்துப் பார்த்து, மறுபடி போட்டு என்று பல கட்டங்களாகக் காத்திருக்கவும் வேண்டும். கல்லில் வரைந்தால் வரைந்ததுதான். கண் மங்கிய, பொறுமை குறைந்த, ஆனால் கையில் வேகம் குறையாத ஒரு முதியவருக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. மற்ற வேலைகளைப் பார்த்துக்கொள்ளக் கோலோன் இருந்தார்.

79 வயசு, காதும் கேட்காது, கண்ணும் தெரியாது. எப்படித்தான் வரைந்தார்?

காது போனது 1792-93இல் வந்த ஒரு கடும் நோயில். அதற்குப் பின் முப்பது வருடத்துக்கும் மேலாக அவர் முழுச் செவிடு. அதனால் அதைப் புதுக் கஷ்டமாக எண்ண வேண்டாம். கண்தான் பிரச்சினை.

போர்தோவில் அவருடன் பழகிய இளம் ஓவியர் அந்தோனியோ தெ புருகாதா சொன்ன விவரங்கள், 1858இல் வெளியான கோயாவின் வாழ்க்கை வரலாற்றில் இருக்கின்றன. வழக்கமாகக் கல்லை மேசையில் படுக்கவைத்துத்தான் வரைவார்கள். கோயா அதைக் கான்வாஸ் போல, ஓவியர்கள் படத்தைச் சாய்த்து வைக்கும் ஈசல் சட்டத்தில் நிமிர்த்தி வைத்தாராம். கல் கனமானது, தனி ஆள் தூக்குவதே சிரமம். அதைச் சட்டத்தில் ஏற்றியிருக்கிறார்கள்! கிரேயானைச் சீவிக்கொள்ளவே மாட்டாராம். தூரிகையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொள்வாராம். நின்றுகொண்டே வேலை, நிமிடத்துக்கு ஒருமுறை பின்னால் போய்ப் பார்ப்பதும் முன்னால் வந்து வரைவதுமாக இருப்பாராம். கையில் பூதக்கண்ணாடி. அது நுணுக்க வேலைக்காக இல்லை. அது இல்லாமல் அவருக்குத் தெரியாது.

இதைவிட முக்கியமானது அவர் வரைந்த வரிசை. பெரும்பாலும் முதலில் கல் முழுவதையும் ஒரே சாம்பல் நிறமாகக் கிரேயானால் தேய்த்துவிடுவார். பிறகு வெளிச்சம் வரவேண்டிய இடங்களைச் சுரண்டி எடுப்பார்: இங்கே ஒரு தலை, அங்கே ஒரு குதிரை, ஒரு காளை. அதன்பின் மறுபடி கிரேயானை எடுத்து நிழல்களை அழுத்துவார். ஒருமுறை வெறும் சவரக்கத்தி முனையால், கறுப்புப் பரப்பிலிருந்து ஓர் உருவப்படத்தையே வெளியே கொண்டுவந்தாராம், திருத்தம் எதுவும் செய்யாமல். அது யாருடைய படம் என்று அந்தக் குறிப்பில் இல்லை. கோலோனுடையதுதான் என்று சாதிக்க வரவில்லை. ஆனால் கோலோனின் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த வரியைப் படித்தால் கண் முன்னால் நடப்பதுபோல் இருக்கும்.

இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு என்பது கல்லச்சுக்கே உரிய முறையா, கோயாவின் பழக்கமா?

கோயாவின் பழக்கம். மற்ற பெரும்பாலானவர்கள் வெள்ளைக் கல்லில் கறுப்பைச் சேர்த்துக்கொண்டே போவார்கள், தாளில் வரைகிற மாதிரி. கோயா அதற்கு முன்பே, அடிவானத்தில் உட்கார்ந்திருக்கும் ராட்சதன் படத்தில், கறுத்த செப்புப் பரப்பைத் தேய்த்துத் தேய்த்து வெளிச்சம் வரவழைத்திருக்கிறார். போர்தோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் தந்தத் துண்டுகளில் ஏறக்குறைய நாற்பது சின்னச் சின்ன ஓவியங்கள் செய்தார். அங்கேயும் தந்தத்தைக் கறுப்பாக்கிவிட்டு அதிலிருந்து உருவத்தைச் சுரண்டி எடுப்பதுதான் முறை. தந்தம், கல், செம்பு என்று பொருள்தான் மாறியது.

ஒரு ஆபத்து உண்டு. கல்லைச் சுரண்டினால் மேலே இருக்கும் சொரசொரப்பும் சேர்ந்து போய்விடும். வழவழப்பான இடத்தில் கிரேயான் மறுபடி சரியாகப் பிடிக்காது. அதனால் தவறான இடத்தில் சுரண்டினால் திருப்பிச் சரிசெய்வது கடினம். மங்கிய கண்ணோடு இதைத் துணிந்து செய்திருக்கிறார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அச்சில் இடம் வலம் மாறிவிடுமே. அப்படியானால் நாம் பார்ப்பது கோலோனின் சரியான முகமே இல்லையா?

கூர்மையான கண் உங்களுக்கு. ஆமாம், கல்லில் வரைந்தது தாளில் திரும்பித்தான் விழும். ஆளை எதிரில் உட்காரவைத்து நேரடியாகக் கல்லில் வரைந்திருந்தால், தாளில் வருவது கோலோன் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளும் முகம். ஊரார் பார்த்த முகத்துக்கு இடம் வலம் மாறியது. அவருக்கே இந்தப் படம் மற்றவர்களுக்குத் தெரிந்ததைவிட அதிகம் ஒத்துப்போனதாகத் தோன்றியிருக்கும்.

இதைத் தவிர்க்க வழியும் இருந்தது. தாளில் கொழுப்பு மையால் வரைந்து, அந்தத் தாளைக் கல்லில் ஒற்றினால் படம் ஒருமுறை திரும்பும். கல்லிலிருந்து அச்சாகும்போது இன்னொருமுறை திரும்பி நேராகிவிடும். எழுத்து நிறைய வரும் வேலைகளுக்கு இது வசதி. ஆனால் அப்படி ஒற்றி எடுத்தால், மேலே சொன்ன சாம்பல் பூச்சும் சுரண்டலும் தருகிற செழுமை வராது.

மொத்தம் எத்தனை பிரதி அடித்தார்கள்?

விற்பனைக்கென்று அடித்த படமாகவே இது தெரியவில்லை. இன்று இருப்பதாகத் தெரிபவற்றை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் உள்ள டேவிசன் சேகரிப்பில் ஒன்று இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க, அதே கோலோன் அதே சமயத்தில் அச்சடித்த ‘போர்தோவின் காளைகள்’ என்ற நான்கு பெரிய படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1825 நவம்பர், டிசம்பரில் அவை அரசுப் பதிவுக்குப் போயின. பதிவில் உள்ள கணக்கு ஒவ்வொன்றுக்கும் 100 பிரதி. 1817க்குப் பிறகு பிரான்சில் கல்லச்சுக்கூடம் நடத்த அரசு உரிமம் வேண்டும், அச்சடித்ததைக் கணக்குக் காட்டவும் வேண்டும். அதிகாரிகள் பயந்தது கேலிச் சித்திரங்களுக்கும் துண்டறிக்கைகளுக்கும். அந்தப் பயத்தின் புண்ணியத்தில் நமக்கு இந்த எண்ணிக்கை கிடைத்திருக்கிறது.

காளைப் படங்களாவது விற்றதா?

பெரிதாக இல்லை. பாரிசில் இருந்த ஸ்பானிய நண்பர் ஃபெரருக்கு மாதிரி அனுப்பி, விற்கமுடியுமா என்று கேட்டார் கோயா. பழைய ‘கப்ரிச்சோஸ்’ படங்களை மறுபதிப்புப் போடலாமே என்று அந்தப் பக்கத்திலிருந்து யோசனை வந்தது. தகடுகளை இருபது வருடத்துக்கு முன்பே அரசருக்குக் கொடுத்துவிட்டேன், அவற்றால் சமய விசாரணை மன்றம்வரை பிரச்சினை வந்தது, மேலும் இப்போது என்னிடம் அதைவிட நல்ல யோசனைகள் இருக்கின்றன என்று பதில் எழுதினார். பார்வை இல்லை, கைநடுக்கம் வேறு, மிச்சம் இருப்பது மனவுறுதி மட்டும்தான் என்றும் அதே 1825 டிசம்பர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். பழைய சரக்கை விற்றுப் பிழைத்துக்கொள் என்றவருக்கு 79 வயதில் கொடுத்த பதில் அது.

வரைந்தது ஒருவர், அச்சடித்தது ஒருவர். பெருமை யாருக்கு?

பெயர் கோயாவுக்கு, அதில் மாற்றமில்லை. ஆனால் அச்சுக்காரர் சும்மா பொத்தானைத் தட்டியவர் என்று எண்ணாதீர்கள். முன்பு சொன்ன கோந்து-அமில வேலையை நினைவில் வையுங்கள். அமிலம் கொஞ்சம் கூடினால் மெல்லிய சாம்பல் நிறங்கள் அரித்துப்போய் முகம் வெளிறிவிடும். குறைந்தால் அச்சடிக்க அடிக்க அந்தச் சாம்பல் நிறங்களில் மை அடைத்து முகமே கறுப்புத் திட்டாகிவிடும். படம் முழுக்கச் சாம்பல் பூச்சோடு தொடங்குகிற ஓவியரிடம் மாட்டிய அச்சுக்காரருக்கு இது இன்னும் கஷ்டம். அந்த நாளில் அந்த முறையே பல ஊர்களில் பழகாத புதிது.

அதனால் இந்த உருவப்படம் கோலோனின் கைக்கும் ஒரு பரீட்சை. தன் முகத்தின் நிழலைத் தானே காப்பாற்றிக் கொடுக்கவேண்டிய நிலை அவருக்கு. காப்பாற்றிவிட்டார் என்றுதான் சொல்வேன்.

பிரின்ட்டில் ஒரிஜினல் என்று ஒன்று உண்டா? கல்தானே ஒரிஜினல்?

கல் வெறும் வழி; ஒரிஜினல் என்பது தாள்தான். ஓவியர் தானே கல்லில் வரைந்து, அதிலிருந்து நேராக ஒற்றி எடுத்த ஒவ்வொரு தாளும் ஒரிஜினல். பத்து பிரதி இருந்தால் பத்து ஒரிஜினல். எண்ணெய் ஓவியம் ஒன்றைப் பார்த்து யாரோ கல்லில் வரைந்து அச்சடித்தால் அதை நகல் எனலாம். கோலோன் படத்துக்குப் பின்னால் அப்படி மூல ஓவியம் எதுவும் இல்லை. அது கல்லில் பிறந்த படம்.

கோயா பழைய காலத்து அரண்மனை ஓவியர். அவரை எப்படி ரொமான்டிக் காலத்தில் சேர்க்கிறீர்கள்?

பிறந்தது 1746இல், உண்மைதான். ஆனால் ஆளை உள்ளே இருந்து வெளிச்சம் போட்டு வரைவது, இருட்டைப் படத்தின் பாதியாக்குவது, முடிக்காத மாதிரி விடுவது எல்லாம் அடுத்த தலைமுறை கைக்கொண்ட விஷயங்கள். பிரெஞ்சு ரொமான்டிக் ஓவியர் தெலக்ருவா இளைஞராக இருந்தபோது ‘கப்ரிச்சோஸ்’ படங்களைப் பார்த்து வரைந்து பழகினார். அவரும் 1826இல் நண்பர் ஷ்விட்டரைக் கல்லில் வரைந்தார். 1828இல் ‘ஃபாவுஸ்ட்’ நாடகத்துக்குக் கல்லச்சுப் படங்கள் வெளியிட்டார். வயதில் தாத்தா, வேலையில் சமகாலத்தவர்.

அந்தக் காலத்துக் கவிஞர்கள், பியானோக்காரர்களின் லித்தோ படங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். அவையும் இதே மாதிரிதானா?

முறை ஒன்று, நோக்கம் வேறு. பாரிசில் அஷீல் தெவேரியா, வியன்னாவில் யோசெஃப் கிரீஹூபர் ஆகியோர் பிரபலங்களை வரைந்து தள்ளினார்கள். இருவரும் 1800இல் பிறந்தவர்கள். தெவேரியா 1829இல் விக்தோர் ஹ்யூகோவையும் 1832இல் இளம் லிஸ்ட்டையும் வரைந்தார். கிரீஹூபர் 1846இல் லிஸ்ட் பியானோ வாசிக்க, பெர்லியோஸ், செர்னி, வயலின் கலைஞர் எர்ன்ஸ்ட் ஆகியோர் சூழ இருக்கும் படத்தைச் செய்தார். தன்னையும் அதில் ஓர் ஓரத்தில் வரைந்துகொண்டார். இவை கடையில் விற்க, ரசிகர்கள் வாங்கி மாட்டிக்கொள்ள அடித்த படங்கள். முகம் துல்லியமாக, உடை பாங்காக, கண்ணில் கொஞ்சம் கனவோடு இருக்கும். அழகானவைதான், குறை சொல்லவில்லை.

கோலோன் படத்தில் அந்த விற்பனைக் களை இல்லை. யாருக்கும் காட்ட வேண்டியதில்லை என்ற அலட்சியம் இருக்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கிறது. உங்களுக்குக் கிரீஹூபர் பிடித்தால் அதிலும் தப்பில்லை.

போட்டோ வந்ததும் இதெல்லாம் ஒழிந்திருக்குமே?

உருவப்படத் தொழில் மெல்ல அடிவாங்கியது. 1839இல் டகரோடைப் என்ற ஆரம்பகாலப் போட்டோ முறை அறிவிக்கப்பட்ட பிறகும் கல்லச்சு உருவப்படங்கள் சில பத்தாண்டுகள் ஓடின, ஏனென்றால் அந்த முறையில் பிரதி எடுக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், போட்டோவின் வேரே கல்லச்சில் இருக்கிறது. நிசெஃபோர் நியெப்ஸ் முதலில் ஈடுபட்டது கல்லச்சில்தான். அவர் மகன்தான் வரைந்து கொடுப்பார். கை உதவியில்லாமல் வெளிச்சமே படத்தைப் பதித்துவிடாதா என்று தேடப் போய்த்தான் அவர் போட்டோவுக்கு வந்து சேர்ந்தார்.

ரவி வர்மா படங்களும் சிவகாசி காலண்டரும் இதே முறையா?

ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சுக்கூடம் கல்லச்சுக்கூடம்தான், ஆனால் பல வண்ணம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். எல்லாக் கல்லும் ஒரே தாளில் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக விழவேண்டும். அங்கே ஓவியரின் எண்ணெய் ஓவியத்தைப் பார்த்துக் கைவினைஞர்கள் கல்லில் வரைந்தார்கள். ஒரிஜினல் பற்றி மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால், கோலோன் படமும் அவையும் வேறு வேறு வகை. சிவகாசியில் ஓடும் ஆஃப்செட் எந்திரத்திலும் கொழுப்பு-தண்ணீர் விதியேதான். கல்லுக்குப் பதில் உலோகத் தகடு, தகட்டிலிருந்து ரப்பர், ரப்பரிலிருந்து தாள்.

பழைய லித்தோ என்று ஒருவர் விற்கிறார். உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். நிழல் பகுதியைப் பாருங்கள். வரிசை வரிசையாக ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால், அது போட்டோவிலிருந்து எடுத்த பிற்கால அச்சு; மேற்கொண்டு யோசிக்கவேண்டாம். கிரேயான் கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், கல்லின் சொரசொரப்பில் கிரேயான் பட்ட இடங்களில் மட்டும் பொடிப்பொடியாக இருக்கும். அடுத்து தாளின் ஓரம். செப்புத் தகட்டு அச்சில் தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் நான்கு பக்கமும் தெரியும். கல்லச்சில் அது இருக்காது.

கஷ்டமான பகுதி இதற்கு மேல்தான். புள்ளி வலை இல்லாமல் போட்டோவைப் பிரதி எடுக்கும் முறைகள் 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியிலேயே வந்துவிட்டன. கொலோடைப் என்ற முறையில் லென்சுக்குக் கீழே மெல்லிய சுருக்கங்கள் புழுப்போல நெளியும். அதைப் பார்த்துப் பழகாதவர் கல்லின் பொடி என்று ஏமாந்துவிடலாம். அப்போது தாளின் வயது, படத்தின் அளவு பதிவில் உள்ள அளவோடு பொருந்துகிறதா, கறுப்பு எவ்வளவு ஆழம் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். முடிந்தால் அருங்காட்சியகத்தில் உண்மையான ஒன்றைப் பார்த்துவிட்டு வாங்கப் போங்கள். கோலோன் படத்தையே யாராவது விற்க வந்தால், பிரதிகளின் எண்ணிக்கை பற்றிச் சொன்னதை நினைத்துக்கொண்டு சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

அந்தக் கல் எங்கேயாவது இருந்தால் இன்றைக்கும் அச்சடிக்கலாமா?

கல் விலை உயர்ந்த பொருள். ஒரு வேலை முடிந்ததும் மணல் போட்டுத் தேய்த்து, படத்தை அழித்து, அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்வதுதான் அச்சுக்கூட வழக்கம். துணிக்கடை விளம்பரமோ ஒயின் புட்டி லேபிளோ அதே கல்லில் அடுத்து ஏறியிருக்கலாம். செப்புத் தகடு அப்படி இல்லை. கோயாவின் தகடுகள் மாட்ரிட்டில் பாதுகாப்பாக இருக்கின்றன. ‘போரின் பேரழிவுகள்’ தொகுப்பே அவர் இறந்து 35 வருடம் கழித்து, 1863இல்தான் முதல்முறை வெளிவந்தது. ‘கப்ரிச்சோஸ்’ 20ஆம் நூற்றாண்டிலும் மறுபதிப்புக் கண்டது. தேய்ந்த தகட்டில் அடித்த அந்தப் பிந்தைய பிரதிகளைப் பார்த்துக் கோயாவை எடைபோடுகிறவர்கள் நிறையப் பேர். கோலோனிடம் செய்த கல்லச்சுப் படங்களில் அந்தத் தொல்லை இல்லை: அவை கோயா உயிரோடிருந்தபோது கோலோனின் அச்சுக்கூடத்திலிருந்து வந்தவை.